எந்த ஆண்டுக்குத் திருப்புவது? வலிகாமத்து வளவொன்றில் 1960 மொறிஸ் மைனர் பிக்கப்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில், வலிகாமத்தின் செம்மண் கிராமம் ஒன்றில், வீட்டு வளவிலேயே ஒரு பழைய பிக்கப்பைத் திருத்தி எடுத்த கதை இது. வேலை 2022 ஜனவரியில் தொடங்கி 2024 ஏப்ரலில் முடிந்தது. நான் அந்த வீட்டின் அயலவன். பல வருடங்கள் மோட்டார் வேலை கற்பித்தவன். தொடக்கத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். பாதியில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு வேலை முழுவதிலும் கூட நின்றேன். கீழே உள்ளவை அப்போது நான் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து எடுத்தவை. வீட்டாரின் சம்மதத்துடன், பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

வாகனம் 1960 இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் பிக்கப். 948 சீசீ என்ஜின், எஸ்யூ காபரேற்றர், நாலு கியர், நாலு சில்லுக்கும் ட்ரம் பிறேக். இப்போதைய உரிமையாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர். அவருடைய தகப்பனார் 1971 இல் இரண்டாம் கையாக வாங்கினார். புகையிலைச் சிப்பமும் வெங்காயமும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்கும் கொடிகாமத்துக்கும் ஓடிய வாகனம். 1990 நடுப்பகுதியில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது, குடாநாட்டின் மற்ற மொறிஸ், ஒஸ்ரின் கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெய்க்கு மாறியது. யாழ்ப்பாணத்து மக்கள் போருக்கு அஞ்சிப் பெருமளவில் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, குடும்பத்தில் ஒன்பது பேரையும் அயலில் நடக்க முடியாத இரண்டு கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. 1996 இல் வீட்டுக்குத் திரும்பியதும் சில வருடங்கள் ஓடியது. பிறகு கிடுகுக் கொட்டிலுக்குள் கல்லில் ஏறியது. தகப்பனார் 2016 இல் காலமானார்.

அவர் இருக்கும்வரை விற்கச் சம்மதிக்கவில்லை. அவர் போன பிறகு விற்க யாருக்கும் மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று பழைய வாகனங்களின் விலை ஏறியதும் வாங்க ஆட்கள் கேற்றடிக்கு வரத் தொடங்கினார்கள். அப்போதுதான் ‘விற்பதா, திருத்துவதா’ என்ற பேச்சு வீட்டுக்குள் எழுந்தது. கனடாவிலுள்ள மூத்த மகன், அதாவது ஆசிரியரின் அண்ணன், பாதிச் செலவை ஏற்றார். திருத்துவது என்று முடிவானது.

எதற்காகத் திருத்துகிறோம் என்பதை மட்டும் அப்போது யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. மூத்தவரின் மனதில் இருந்தது 1960 இல் கப்பலில் இருந்து இறங்கிய புது வாகனம். இளையவரான ஆசிரியருக்கு, தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடும் வாகனம் வேண்டும். தாயாரின் மனதில் இருந்தது 1995 இல் அவரை ஏற்றிப்போன வாகனம். மூன்றும் ஒன்று என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கொட்டிலில் இருந்து எடுத்தபோது கண்டவை

வெளித்தோற்றத்தில் வாகனம் நல்ல நிலையில் இருப்பதாகவே தெரிந்தது. கபினின் தரைத்தகடு கெட்டி. கதவடியில் கறள் (துரு) குறைவு. அடிப்பக்கம் முழுவதும் தடிப்பாகத் தார் பூசியிருந்தது. பெட்டியின் தளத்துக்கு மேல் தகப்பனார் பனஞ்சிலாகை அடித்திருந்தார். பின் கதவில் செல் (எறிகணை) துண்டு துளைத்த ஓட்டைகள் மூன்று. பெரியதில் கட்டைவிரல் நுழையும்.

என்ஜினைச் சுற்றி மண்ணெண்ணெய்க் காலத்தின் அடையாளங்கள் அப்படியே இருந்தன. தடுப்புத் தகட்டில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல், அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு மெல்லிய குழாய். காலையில் போத்தலில் உள்ள பெற்றோலில் ஸ்ராட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதற்காகவே செப்புக் குழாய் ஒன்றை எக்ஸோஸ்டில் நாலு சுற்றுச் சுற்றி, எண்ணெய் அதற்குள்ளால் சூடாகி வரும்படி வைத்திருந்தார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் அது கைதேர்ந்த வேலை. செப்பை எங்கும் நசிக்காமல் வளைத்திருந்தார்கள். வளைப்பதற்கு முன் குழாய்க்குள் மணல் நிரப்பியிருக்க வேண்டும்.

கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அமுக்கம்) அளந்தோம். சதுர அங்குலத்துக்கு 75, 60, 80, 55 இறாத்தல். சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைக் கழற்றியபோது, அதன் கீழுள்ள இடைத்தகடான கஸ்கெட் இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தது. மண்ணெண்ணெய் எளிதில் ‘நொக்’ அடிக்கும், அதாவது அமுக்கத்தில் தானாகப் பற்றி வெடிக்கும். அதைத் தணிக்க அமுக்கத்தைக் குறைக்கும் வழி இது. எக்ஸோஸ்ட் வால்வு இரண்டு எரிந்து விளிம்பு தின்றிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியதில் போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்து, மேல்விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் படி ஒன்று விழுந்திருந்தது. ஆணிகளில் பாதி மில்லிமீற்றர் ஆணிகள். இந்த என்ஜினின் புரிகள் அங்குல அளவில் வெட்டப்பட்டவை. தடைக் காலத்தில் கிடைத்ததைத் தட்டி ஏற்றியிருந்தார்கள்.

முதல் முடிவு: என்ஜினில் தொடங்குவது

வேலைக்கு வந்த மூத்த மெக்கானிக்கை எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வருடமாக மைனர் கார்களில் கைவைத்தவர். அவர் கபின் தரையைத் தட்டிப் பார்த்தார். கார்களில் கறள் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடங்களை ஒன்றும் விடாமல் பார்த்தார். ‘பொடி சோக்காக் கிடக்கு, என்ஜினைச் செய்வம்’ என்றார்.

இந்த ஆய்வின் மையம் இந்த இடம்தான். மைனர் காருக்குத் தனிச் சசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரையும் பொடியும் (உடற்கூடும்) சேர்ந்தே சுமையைத் தாங்கும். ஆகவே காரின் தரை நன்றாக இருந்தால் கார் நன்றாக இருக்கிறது என்று பொருள். பிக்கப்பும் வானும் அப்படி அல்ல. அவற்றுக்குக் கீழே பெட்டி வடிவச் சட்டங்களால் ஆன தனிச் சசி உண்டு. கபின் அதன்மேல் உட்கார்ந்திருப்பது மட்டும்தான். கபின் தரை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், சசியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மாஸ்ரரின் அனுபவம் முழுவதும் கார்களில் வந்தது. அந்த அனுபவம்தான் அவரைத் தவறான இடத்தில் தட்டவைத்தது. சசியைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். தாரைப் பார்த்தேன், தடிப்பாக இருக்கிறது என்று நினைத்தேன், பேசாமல் இருந்துவிட்டேன்.

என்ஜினை இறக்கினோம். ஏற்கெனவே ஒருமுறை இருபது தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) கூட்டிப் போர் பண்ணிய என்ஜின் அது. இப்போது நாற்பது தௌவுக்குப் போர் பண்ணி, இங்கிலாந்திலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பிய பிஸ்டன்களைப் போட்டோம். மைனருக்கு அங்கே இன்றும் அனேகமான சாமான்கள் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கொழும்பில் பழைய வாகனச் சாமான்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைத்தது வாட்டர் பம்ப் மட்டும். எக்ஸோஸ்ட் வால்வு இருக்கைகளை வெட்டி எடுத்து, கடினமான வளையங்களை இறுக்கினோம். ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்த ஹெட் இது. இன்றைய ஈயமில்லாத பெற்றோலில் வெறும் வார்ப்பிரும்பு இருக்கை மெல்ல மெல்ல உள்ளே தின்னப்படும். வேறு வேலைக்காக ஹெட் கழற்றியிருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

நெருக்கடி மாதங்கள்

2022 இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வேலைக்கு இடையில் சாமான்களின் விலை ஏறத்தாழ இரட்டித்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. லேத் கடைக்காரர் இரவு இரண்டு மணிக்கு கரண்ட் வந்தால் எழும்பி வேலை செய்தார். பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. சாமான் கழுவக்கூட மண்ணெண்ணெய் இல்லை. தாயார் வாசலில் இருந்து பார்த்துவிட்டு, தடைக் காலத்தை நினைத்து, ‘அப்பேக்கையாவது போத்திலில வித்தாங்கள்’ என்றார்.

இந்த நெருக்கடியில் ஒரு தவறான அவசரமும் புகுந்தது. பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் இறங்கியதால், கையிலுள்ளதைக் கொண்டு கண்ணுக்குத் தெரியும் வேலைகளை முடித்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைத்தார். அந்த நேரத்தில் அது பிழை என்று எனக்கும் தோன்றவில்லை. தகடு தட்டித் திருத்தும் ரிங்கரிங்காரரைக் கூப்பிட்டு மட்கார்டுகளைத் தட்டி எடுத்தார்கள். நவம்பரில், மழைக்கு நடுவில், கொட்டிலுக்குள் பெயின்ற் அடித்தார்கள். ஈரக்காற்றில் தின்னர் வேகமாகப் பறக்கும்போது பரப்புக் குளிர்ந்து பனி பிடிக்கும். பெயின்ற் வெள்ளை பூத்து மங்கிப்போனது. பொலிஷ் போட்டும் போகவில்லை.

இன்னொரு சிறு இழப்பையும் சொல்ல வேண்டும். வயர் வேலைக்கு வந்த இளைஞர் பற்றரியின் நெகட்டிவ்வைப் பொடிக்குக் கொடுத்தார். இன்று எல்லா வாகனத்திலும் அப்படித்தான். அந்தக் கால மைனரில் பொசிற்றிவ்தான் பொடிக்குப் போகும். பழைய முனைவிலேயே இருந்த டைனமோ எதிராக மின்சாரம் கொடுத்து, டைனமோவையும் பற்றரியையும் இணைத்துத் துண்டிக்கும் கட்டவுட்டின் பொயின்ற் கருகிவிட்டது. இப்போது பற்றரிப் பெட்டியின் மேல் சிவப்புப் பெயின்றில் தமிழில் எழுதியிருக்கிறது: ‘பொடி = பொசிற்றிவ்’.

பெற்றோல் தாங்கியில் ஒழுக்கு இருந்தது. கழுவிவிட்டு வெல்ட் பண்ணலாம் என்றார் ரிங்கரிங்காரர். மாஸ்ரர் மறுத்துவிட்டார். வருடக்கணக்கில் காலியாகக் கிடந்த தாங்கிக்குள்ளும் ஆவி தங்கியிருக்கும், ஒரு பொறி போதும். விவாதத்துக்கே இடம் கொடுக்காமல் அவரே தாங்கியைத் தூக்கிக்கொண்டு போய் ஒழுங்கைக்கு அப்பால் வைத்தார். புதுத் தகட்டில் வேறொன்று செய்வித்தோம்.

முதல் ஓட்டமும் முன்சில்லும்

2023 பெப்ரவரியில் முதல் ஓட்டம். கேற்றைத் தாண்டி ஒழுங்கையால் பிரதான வீதிக்கு ஏறி மூன்று கிலோமீற்றர் போனோம். என்ஜின் இனிமையாக ஓடியது. பிறகு சூட்டு முள் ஏறத் தொடங்கியது. நிறுத்தி ஆறவிட்டு, மெதுவாகத் திரும்பினோம். ஒழுங்கைக்குள் திருப்பும்போது வேகம் பத்துக் கிலோமீற்றர்கூட இருக்காது. முன் இடது பக்கம் பெரிய சத்தத்துடன் இருந்துவிட்டது. சில்லு மட்கார்டுக்குள் படுத்துக் கிடந்தது. யாருக்கும் காயமில்லை. பிரதான வீதியில் நடந்திருந்தால் இதை இந்த மாதிரி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நடந்தது என்னவென்றால்: மைனரின் முன்சில்லைத் தாங்கும் கிங் பின்னின் கீழ்முனையில் திருகுப்புரி இருக்கும். அது கீழேயுள்ள ட்ரனியன் என்ற துண்டுக்குள் திருகி நின்று, ஸ்ரேரிங் திரும்பும்போது அந்தப் புரியிலேயே சுழலும். கிறீஸ் போகாமல் புரி தேய்ந்தால், ஒருநாள் பின் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். பெரும்பாலும் ஸ்ரேரிங் முழுவதாகத் திரும்பும் மெதுவான இடங்களில்தான் இது நடக்கும். ஓட்டத்துக்கு முன் நாங்கள் கிறீஸ் அடித்தோம். கிறீஸ் ஏற்றும் நிப்பிளுக்குள் இருந்த பழைய கிறீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. புதிய கிறீஸ் உள்ளே போகாமல் ஓரத்தால் பிதுங்கி வந்தது. பிதுங்கியதைப் பார்த்து, நிறைந்துவிட்டது என்று துடைத்தோம்.

அதுவரை செலவு ஏழு இலட்சம் ரூபா. அதில் சசிக்கும் தொங்கலுக்கும் (சஸ்பென்ஷன்) பிறேக்குக்கும் சேர்த்துப் போனது அறுபதாயிரம் மட்டும்.

தாருக்குக் கீழே

விழுந்த பக்கத்தைத் தூக்க ஜக் வைத்தோம். ஜக் சசிச் சட்டத்துக்குள் மெதுவாகப் புகுந்தது. முதலில் யாரும் பேசவில்லை. மாஸ்ரர் படுத்துக்கொண்டு சுத்தியல் முனையால் தாரைக் கொத்தினார். தார் தகடாகப் பெயர்ந்து வந்தது, அதன் உட்புறத்தில் கறள் ஒட்டிக்கொண்டு வந்தது.

தார் இரும்பைக் காக்கும் என்று நம்பித்தான் அடிப்பார்கள். முழுமையாகக் காய்ந்த, கறள் இல்லாத இரும்பில் அது உண்மையாக இருக்கலாம். வெடிப்பு விழுந்த தாருக்குள் ஈரம் புகுந்துவிட்டால் வெளியேற வழி இல்லை. உப்புக் காற்றும், மாரியில் வளவில் நிற்கும் வெள்ளமும், பெட்டியிலிருந்து உதிர்ந்த தோட்ட மண்ணும் சேர்ந்து சட்டத்தின் உள்ளிருந்தே தின்றிருந்தன. இடது சட்டத்தில் பின் வில்லுத் தகட்டின் முன்கொளுவிக்கு அருகே ஒன்றரை அடி நீளத்துக்கு, கையால் பிடுங்கினால் வரும் நிலை. வலது சட்டத்தில் ஓர் இடம். குறுக்குச் சட்டம் ஒன்று பெயருக்கு நின்றது. பிறேக்கின் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில் சட்டத்தோடு இருப்பதால் அதையும் கழற்ற வேண்டி வந்தது. அதன் ஆணிகளை உருவ முன்பக்க முறுக்குத் தண்டு வழிவிடாது, அதையும் இறக்க வேண்டும். அந்தத் தண்டு முறுக்கேறியபடிதான் எப்போதும் நிற்கும். சில்லைத் தாங்கும் கீழ்க் கையை ஜக்கால் தாங்கி, சுமையை மெல்ல இறக்காமல் ஆணியைக் கழற்றினால், கழற்றுகிறவரின் கை போய்விடும்.

இந்தக் கட்டத்தில் வேலையை ஒரு மாதம் நிறுத்தினோம். எனக்குத் தெரிந்தவரை, இரண்டு வருடத்தில் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான்.

எந்த ஆண்டுக்கு?

அந்த ஒரு மாதத்தில்தான் முதலில் பேசியிருக்க வேண்டியதைப் பேசினார்கள். கனடாவிலிருந்து மூத்தவர் தொலைபேசியில், ‘இவ்வளவு காசு போடுறதெண்டால் புதுசு மாதிரி வரவேணும், ஓட்டை எல்லாத்தையும் அடை, போத்திலைக் கழட்டு’ என்றார். இளையவர், சசி கெட்டியாக இருந்தால் போதும், மற்றது எப்படியும் இருக்கட்டும் என்றார். தாயார் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இளையவரிடம், ‘தம்பி, அந்த ஓட்டையளை அடைச்சால் அது ஆற்றையோ வாகனம்’ என்றார்.

பழைய வாகனத்தைத் திருத்துகிறவர்கள் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை அடிக்கடி சொல்வார்கள். தொழிற்சாலையில் இருந்து வந்த நாள்தான் ஒரிஜினல் என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் ஒரே வீட்டில் ஐம்பது வருடம் ஓடிய மைனருக்கு அது பொருந்தலாம். எங்கள் வாகனங்களுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்தச் செப்புக் குழாயைச் சுற்றியவரும், இரண்டு கஸ்கெட் வைத்தவரும், மில்லிமீற்றர் ஆணியைத் தட்டி ஏற்றியவரும் இந்த வாகனத்தைச் செய்தவர்களில் சேர்த்திதான். ஆனால் அவர்கள் செய்ததில் ஒரு பகுதி வாகனத்தைத் தின்றுகொண்டும் இருந்தது. நினைவு என்று சொல்லி எரிந்த வால்வை விட்டுவைக்க முடியாது.

கடைசியில் ஒரு வரையறைக்கு வந்தோம். வாகனம் சுமை ஏற்றி ஓடவேண்டும், ஆகவே தாங்குவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாம் புதுசின் தரத்துக்கு வரவேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஓட்டத்துக்குக் கேடு செய்யாத அடையாளங்கள் இருந்தபடியே இருக்கும். போத்தல் அதன் இடத்தில், வெறுமையாக, குழாய் கழற்றப்பட்டு நிற்கும். எக்ஸோஸ்டில் எண்ணெய்க் குழாய் சுற்றியிருப்பது தீப்பிடிக்கும் ஆபத்து. ஆகவே செப்புக் குழாயைக் கழற்றி, எப்படி இருந்தது என்ற படத்தோடு பெட்டியில் வைத்தோம். மூன்று ஓட்டைகளின் விளிம்பையும் அராவி, கறள் தடுக்கும் பூச்சு கொடுத்து, திறந்தபடியே விட்டோம். பனஞ்சிலாகையைக் கழற்றி, கீழே காற்றுப் போகும்படி கட்டை வைத்துத் திரும்ப அடித்தோம். முன்பு அது தகட்டோடு ஒட்டிக் கிடந்ததும் கறளுக்கு ஒரு காரணம்.

மூத்தவர் உடனே சம்மதிக்கவில்லை. ஓட்டைகளைப் பற்றித் தாயாரோடு பேசிய பிறகு, ‘அம்மா சொன்னபடி’ என்று ஒரு வரி அனுப்பினார்.

சசி வேலை

கபினையும் பெட்டியையும் தூக்கி எடுத்தோம். தென்னங்குற்றியில் கட்டிய தாங்கியில் கபின் எட்டு மாதம் நின்றது.

வெட்டுவதற்கு முன் அளந்தோம். வீடு கட்ட அத்திவாரம் குறிக்கும் மேசனின் முறையிலேயே: சீமெந்துத் தரையில், சசியின் முக்கிய துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சோக்கால் புள்ளி வைத்து, மூலைவிட்டங்களை அளந்தோம். இரண்டுக்கும் வித்தியாசம் 9 மில்லிமீற்றர். பழைய இடி ஒன்று சட்டத்தை இழுத்திருந்தது. நல்ல இரும்பில் குறுக்குத் தாங்கிகளைப் புள்ளி வெல்ட் வைத்து, சங்கிலியும் ஜக்கும் கொண்டு சிறிது சிறிதாக இழுத்தோம். 2 மில்லிமீற்றருக்கு வந்ததும் நிறுத்தினோம். பிறகே கெட்ட பகுதியை வெட்டினோம். வெட்டிய இடத்தைத் தகடு வைத்து மேலால் மூடாமல், அதே தடிப்புத் தகட்டை மடித்துப் பெட்டி வடிவமாகச் செய்து, நல்ல இரும்பு தொடங்கும் இடம்வரை மாற்றினோம். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டால் இடையில் ஈரம் நிற்கும். அதுதான் முதலில் நடந்தது.

வெல்ட் வேலையைச் செய்தவர் உழவு இயந்திரப் பெட்டிகள் கட்டுகிறவர். ஒரே இடத்தில் தொடர்ந்து ஓட்டாமல், இடம் மாறி மாறிக் குறுகிய வெல்ட் வைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் மூலைவிட்டத்தைத் திரும்ப அளந்தோம். முடிந்ததும் சட்டங்களின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த ஒயிலைக் குழாயால் தெளித்தோம். அடியில் நீர் வடியச் சின்னத் துளைகள் விட்டோம். தார் பூசவில்லை.

கிங் பின், ட்ரனியன் இரண்டு பக்கமும் புதிது. பிறேக் சிலிண்டர்கள் எல்லாம் புதிது. குழாய்கள் செப்பு-நிக்கல்.

கிணற்றுத் தண்ணீர்

சூடேறியதற்கான காரணம் தனியாக எழுதத் தகுந்தது. என்ஜினைப் போர் பண்ணியபோது நீர்வழியை மூடியிருக்கும் வெளிப்புறக் கோர் பிளக்குகளைக் கழற்றாமல் விட்டிருந்தோம். இப்போது கழற்றிப் பார்த்தால், நாலாவது சிலிண்டரைச் சுற்றிய நீர்வழி பாதிக்கு மேல் வெள்ளைக் கல்லாக அடைபட்டிருந்தது. எங்கள் வீடுகளில் கேத்தலின் அடியில் படிகிற அதே கல். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கிறது. நிலத்தடி நீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வரும். பல வருடங்களாக இந்த றேடியேற்றருக்கு ஊற்றியது அந்தத் தண்ணீர்.

கம்பியால் குத்தி எடுக்கக்கூடியதை எடுத்தோம். மீதிக்கு, பேக்கரிகளுக்கு விற்கும் சித்திரிக் அமிலத்தைச் சுடுநீரில் கரைத்து, வெறும் வார்ப்பிரும்புப் புளொக்கில் மட்டும் ஊற்றி, நுரை அடங்கும்வரை வைத்துக் கழுவினோம். மூன்று முறை. றேடியேற்றரைக் கடையில் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்தோம். இப்போது ஊற்றுவது கூரையிலிருந்து பிடித்த மழைநீரும் கூலன்ரும். மாரியில் ஒரு பரல் பிடித்து வைத்தால் வருடம் முழுவதற்கும் போதும்.

பெயின்ற், புத்தகம்

பழைய பெயின்றை உரித்து, 2024 பெப்ரவரியில் திரும்ப அடித்தோம். மழை விட்டு, சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்காத அந்த இடைவெளிதான் திறந்த கொட்டிலில் பெயின்ற் அடிக்க ஏற்ற காலம். சோளகத்தில் அடித்தால் செம்மண் தூசி பெயின்றுக்குள் போய்விடும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கமும் புளொக்கில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை. தடைக் காலத்தில் எப்போதோ என்ஜின் மாறியிருக்கிறது. யாருடையது என்று சொல்லத் தகப்பனார் இல்லை. சசி இலக்கம் சரியாக இருந்ததால் வழி இருந்தது. ஆனால் தகப்பனாரின் பெயரிலிருந்து உரிமையை மாற்றுவதும் என்ஜின் மாற்றத்தைப் பதிவதும் சேர்ந்து ஏழு மாதம் எடுத்தன. இந்தக் கடிதங்களை சசி வேலைக்கு முன்னரே தொடங்கியதால் தப்பினோம். சசி இலக்கம் உள்ள இடத்தை வெட்டாமல் காத்ததும், வெட்டுவதற்கு முன் படம் எடுத்து வைத்ததும் பிறகு கேள்வி வந்தபோது உதவின.

மாற்றிச் செய்யவேண்டியவை

மொத்தச் செலவு 14 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. அதில் இரண்டாம் முறை செய்த பெயின்ற், இரண்டாம் முறை இறக்கி ஏற்றிய என்ஜின், கருகிய மின்பாகங்கள் ஆகியவை மட்டும் 2 இலட்சத்து 70 ஆயிரம்.

இன்னொரு பிக்கப்புக்கு என்னைக் கூப்பிட்டால், முதல் நாள் சுத்தியலும் கூர் ஆணியும் கொண்டு சசிக்குக் கீழே படுப்பேன். தார் இருந்தால் ஒரு முழத்துக்கு ஒரு இடம் சுரண்டிப் பார்ப்பேன். பெட்டி வடிவச் சட்டத்தின் அடிமுகத்தை விரலால் தட்டிக் கேட்டால் போதாது, குத்திப் பார்க்க வேண்டும். அதே நாள் ட்ரனியனை முழுவதாகக் கழற்றுவேன், கிறீஸ் அடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. என்ஜினைக் கடைசியில் தொடுவேன். அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவசரமில்லை, நிற்கும் வாகனத்தில் என்ஜினால் ஆபத்து இல்லை.

வீட்டாரை ஒன்றாக இருத்திப் பேசவைப்பதையும் அந்த முதல் கிழமையிலேயே செய்வேன். அதைச் செய்திருந்தால் நவம்பர் மழையில் பெயின்ற் அடித்திருக்க மாட்டோம். பணத்தின் மதிப்பு இறங்கியதோடு, மூத்தவர் பார்க்க விரும்பிய பளபளப்பும் அந்த அவசரத்துக்குக் காரணம். மாஸ்ரரைப் போல் அனுபவமுள்ளவரிடமும், ‘இது கார் அல்ல, பிக்கப்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை வேறு, கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடுவது வேறு. விபத்துக்குப் பிறகு அவரே என்னிடம், ‘தம்பி, நீ அண்டைக்குக் கேட்டிருக்கலாம்’ என்றார்.

இன்றைய நிலை

வாகனம் ஓடுகிறது. கொம்பிரஷன் நாலு சிலிண்டரிலும் 130 இறாத்தலுக்கு மேல். கிழமைக்கு இரண்டு நாள் வெங்காயமோ வாழைக்குலையோ ஏற்றிச் சந்தைக்குப் போகிறது. பாரம் கால் தொன்னைத் தாண்டவிடுவதில்லை. கிளச் பக்கம் ஒயில் ஒழுக்கு இன்னும் இருக்கிறது. இந்த என்ஜினின் பின் முனையில் ரப்பர்ச் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் வெட்டு மட்டும்தான். அதை முழுவதாக நிறுத்த முடியவில்லை. இரண்டாம் கியரில் ஒரு முனகல் உண்டு, கியர் பொக்ஸை அடுத்த வருடம் திறப்பதாக இருக்கிறார்கள்.

உரிமையாளரின் மகள் அதில் ஓட்டப் பழகுகிறார். முதல் கியருக்குச் சிங்கிரோ இல்லை, சில்லு முழுவதாக நின்ற பிறகே போட வேண்டும் என்பதை இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். மாதம் ஒருமுறை கிறீஸ் அடிப்பதும் அவர் வேலை. கொட்டில் கப்பில் ஒரு கொப்பி தொங்குகிறது. திகதி, மைல், எந்த நிப்பிள், பழைய கிறீஸ் மறுபக்கத்தால் வந்ததா இல்லையா என்று நாலு பத்தி. கடைசிப் பத்தியில் ‘வந்தது’ என்று எழுதாமல் வாகனம் கேற்றைத் தாண்டுவதில்லை.